விற்கப் போகும் வீட்டுக்கு எவ்வளவு செலவழிப்பது?

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஈசூனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மதிய உணவுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் அத்தான் ஒரு கோப்பை என் முன்னால் வைத்தார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னால நீயும் ஒரு தடவை பார்த்துடு தம்பி."

உள்ளே நான்கு பக்க விலைப்பட்டியல். சமையலறைக்குப் புதிய அலமாரிகள், வீடு முழுவதும் வினைல் தரை, வரவேற்பறைக்கு ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளிந்து எரியும் விளக்குகள், தொலைக்காட்சிக்குப் பின்னால் மரப்பலகைச் சுவர், படுக்கையறைகளில் புது அலமாரிகள். மொத்தம் 38,000 வெள்ளி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் அவர்கள் இனி வாழப் போவதில்லை. பிள்ளைகள் இருவருக்கும் திருமணமாகிவிட்டது. நாலறை வீட்டை விற்றுவிட்டு, மகள் இருக்கும் செங்காங் பக்கம் ஒரு மூவறை வீட்டுக்குப் போவதாக முடிவு. விற்பதற்காகத்தான் இந்தப் புதுப்பிப்பு.

"வீட்டைப் புதுசாக்கிட்டா அம்பதாயிரம் கூடுதலா கேக்கலாமாம். பக்கத்து புளோக்குல ஒருத்தர் அப்படித்தான் வித்தாராம்," என்றார் அக்கா.

அத்தானுக்கு 66 வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அந்த 38,000 வெள்ளி, வங்கியில் அவர்கள் கைக்கெட்டும்படி வைத்திருந்த சேமிப்பில் ஏறக்குறைய பாதி. அதனால்தான் எனக்கு விலைப்பட்டியலைவிட அந்த 'அம்பதாயிரம்' கவலை தந்தது.

எனக்கும் சூடுபட்ட அனுபவம் உண்டு. உட்லண்ட்ஸ் வீட்டை விற்றபோது, நான் ஆசை ஆசையாக 9,000 வெள்ளி கொடுத்துச் செய்த மரமேடைப் படுக்கையை, வாங்க வந்தவர் ஒரே வரியில் முடித்தார்: "சாவி கொடுக்கறதுக்கு முன்னால இதை எடுத்துக் கொடுத்துடுவீங்களா?" எடுப்பதற்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

"அத்தான், இந்தக் காசு எந்த வழியா திரும்பி வரும்னு பார்த்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுவோம்," என்றேன். அன்று நாங்கள் மூவரும் பேசியதையும் அதன்பின் நடந்ததையும்தான் இந்த வாரம் எழுதுகிறேன். வீட்டை விற்க நினைக்கும் பல குடும்பங்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

அழகுக்கு யார் காசு கொடுப்பது?

வீவக மறுவிற்பனை வீட்டில் விலை முடிவாகும் வரிசையை முதலில் நினைவில் கொள்ளுங்கள். 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து, முதலில் விற்பவரும் வாங்குபவரும் விலை பேசி முடிக்கிறார்கள். ஆப்ஷன் கொடுத்த பிறகுதான் வாங்குபவர் வீவகவிடம் வீட்டின் மதிப்பைக் கேட்டு விண்ணப்பிக்கிறார். மதிப்பீட்டில் வீட்டின் பரப்பளவு, எத்தனையாவது மாடி, குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம், அக்கம்பக்கத்தில் அண்மையில் என்ன விலைக்கு விற்றது என்பவற்றுக்குத்தான் பெரும் பங்கு. உங்கள் தொலைக்காட்சிச் சுவருக்கு அதில் பெரிய இடமில்லை.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். நீங்கள் பேசிய விலை 500,000 வெள்ளி. மதிப்பீடு 480,000 வெள்ளி என்று வருகிறது. வீட்டுக் கடனும் மசேநிப் பணமும் அந்த 480,000 வெள்ளிக்குத்தான். மீதி 20,000 வெள்ளியை வாங்குபவர் தம் கையிலிருந்து ரொக்கமாகத் தரவேண்டும். கடன் கிடையாது, மசேநியும் கிடையாது.

உங்கள் புதுப்பிப்புச் செலவு திரும்பி வரும் வழி பெரும்பாலும் அந்த ரொக்கம்தான். வாங்க வருபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். இளம் தம்பதி. முன்பணம், வழக்கறிஞர் கட்டணம், முத்திரைத் தீர்வை, திருமணச் செலவு எல்லாம் சேர்ந்து நிற்கும் நேரம். கையில் ஒரு 20,000 வெள்ளி இருந்தாலும், அதை நீங்கள் தேர்ந்தெடுத்த அலமாரி நிறத்துக்குக் கொடுப்பாரா, தாம் விரும்பும் அலமாரிக்கு வைத்துக்கொள்வாரா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. புதுப்பிப்புக்கு மசேநியைப் பயன்படுத்த முடியாது. அதனால் நீங்கள் செலவழிப்பது முழுக்க ரொக்கம். ஆனால் வீடு விற்று வரும் பணம் அப்படியே கைக்கு வருவதில்லை. கடன் பாக்கி கழியும். வீட்டுக்காக எடுத்த மசேநிப் பணம், அதற்கான வட்டியோடு மசேநிக்கே திரும்பும். ரொக்கத்தைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டிவிட்டு, அது ரொக்கமாகவே திரும்பும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

இவ்வளவும் சொன்னதும் அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப பக்கத்து புளோக்குக்காரர்?" என்றார்.

அவர் விற்றது 11ஆவது மாடி வீடு. அத்தானுடையது மூன்றாவது மாடி. வீவக இணையத்தளத்தில் மறுவிற்பனை விலைகள் புளோக் வாரியாக இருக்கின்றன. அன்றே கைப்பேசியில் தேடிப் பார்த்தோம். அத்தான் புளோக்கில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையைப் பார்த்தபோது, மாடி ஏற ஏற விலை ஏறுவது தெரிந்தது. 'அம்பதாயிரம்' எங்கிருந்து வந்தது என்பதற்குப் பாதி விடை அங்கேயே கிடைத்தது.

நம் குடும்பங்கள் மறக்கக் கூடாத ஒரு கணக்கு

இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். 1989ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. புளோக் அளவில் அது சீனர்களுக்கு 87 விழுக்காடு, மலாய்க்காரர்களுக்கு 25 விழுக்காடு, இந்தியர்களுக்கும் மற்றவர்களுக்கும் 15 விழுக்காடு. வட்டார அளவில் தனி வரம்புகள் உள்ளன.

உங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்திருந்தால், சீனர் ஒருவர் இன்னொரு சீனரிடமிருந்துதான் அங்கு வாங்க முடியும். உங்கள் வீட்டை அவர் விரும்பினாலும் வாங்க முடியாது. வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை அந்த ஒரே விதியால் சுருங்கிவிடுகிறது. மறுபக்கமும் உண்டு: இந்தியர் வரம்பு நிறைந்திருந்தால், அந்தப் புளோக்கில் வாங்க விரும்பும் இந்தியக் குடும்பங்கள் உங்களைப் போன்றவர்களிடம்தான் வந்தாக வேண்டும்.

இந்த விவரம் வீவக இணையத்தளத்தில் கிடைக்கும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கிறார்கள். காண்ட்ராக்டரை அழைப்பதற்கு முன்பு பார்க்க வேண்டியது இது. அத்தான் புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்திருந்தது. வாங்கக்கூடியவர்கள் குறைவு என்றால், மதிப்பீட்டுக்கு மேல் ரொக்கம் கொடுத்துப் போட்டிபோட ஆள் கிடைப்பது இன்னும் கடினம். அத்தகைய வீட்டில் 38,000 வெள்ளியைப் போடுவது சூதாட்டம்தான்.

அக்கா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப ஒண்ணுமே செய்யாம அப்படியே காட்டறதா? சமையலறை மேல ஒரே புகை. பார்க்கவே கூசுதுடா," என்றார்.

அதுவும் நியாயமான கேள்வி. ஒன்றுமே செய்யாமல் காட்டுவதும் தவறுதான். ஆனால் எதற்குச் செலவு செய்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

வாங்க வருபவருக்கு என்ன பயம்?

வீடு பார்க்க வருபவர் வீட்டில் இருப்பது கால் மணி நேரமோ அரை மணி நேரமோ. அதற்குள் அவர் கண் தேடுவது குறையைத்தான். கூரையில் கறை தெரிந்தால் 'மேல்வீட்டுத் தண்ணீர் ஒழுகுமோ?' கதவு இடித்தால் 'சுவர் இறங்கியிருக்குமோ?' குழாயில் சொட்டினால் 'உள்ளே குழாயே போயிருக்குமோ?' ஒரு சிறு குறையைப் பார்த்துப் பத்துப் பெரிய குறைகளைக் கற்பனை செய்துகொள்வார். ஒவ்வொரு கற்பனைக்கும் மனத்துக்குள் ஒரு விலைக் குறைப்பு நடக்கும்.

ஆகவே விற்கப் போகும் வீட்டில் நம் ரசனைக்குச் செலவு செய்ய வேண்டாம். வாங்குபவரின் பயத்தைப் போக்கச் செலவு செய்தால் போதும். முதலாவதற்கு எல்லையே இல்லை. இரண்டாவதை ஒரு தாளில் எழுதி முடித்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் எழுதினோம். அடுத்த ஞாயிறு நான் முன்பின் தெரியாதவன்போல் வாசலிலிருந்து உள்ளே நடந்து வந்தேன். கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் அக்கா குறித்துக்கொண்டார். 27 குறைகள்.

செய்தது என்ன, செலவு என்ன?

முதலில் வண்ணம். வீடு முழுவதும், கூரை உட்பட, இளம் வெள்ளை. சாமியறைக்கு மேல் பல ஆண்டு விளக்குப் புகையும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து கூரை கறுத்திருந்தது. சமையலறையில் அடுப்புக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கு. இவற்றின் மேல் நேராக வண்ணம் பூசினால் கறை சில வாரங்களில் மறுபடி எட்டிப்பார்க்கும். முதலில் சவர்க்கார நீரால் கழுவி, காயவிட்டு, கறையை அடக்கும் சீலர் ஒரு கோட் அடித்து, அதன்மேல் வண்ணம் பூச வேண்டும். இதை விலைப்பட்டியலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செலவு 1,450 வெள்ளி.

குளியலறைக் கூரையில் பழுப்பு நிறக் கறை ஒன்று இருந்தது. மேல்வீட்டுக் கசிவைச் சரிசெய்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் கறை அப்படியே நின்றது. அத்தானுக்கு அது பழகிப்போன கறை. வாங்க வருபவருக்கு அதுதான் முதல் பயம். காய்ந்துதான் இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே வண்ணம் பூசினோம். பழுதுபார்த்த ரசீதையும் கோப்பில் எடுத்து வைத்தோம்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கசிவு நிற்காமல் கறையை மட்டும் மறைத்து விற்காதீர்கள். அது அடுத்த குடும்பத்தின் தலையில் பாரத்தை ஏற்றுவது. கசிவு இருந்தால் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டும் என்பதுதான் விதி. வீவகவின் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின்கீழ் செய்தால் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும். மீதியை இரு வீட்டாரும் கால், கால் பங்காகப் பகிர்ந்துகொள்ளலாம். கூரையில் சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரிந்தாலும் அதே திட்டத்தில் உதவி கிடைக்கும்.

அடுத்தது குளியலறைகளும் சமையலறையும். ஓடுகளுக்கு இடையில் கறுத்துப்போன கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பியது, கை கழுவும் தொட்டியைச் சுற்றிப் பூஞ்சை பிடித்த சிலிக்கானை மாற்றியது, விரிசல் விட்ட இரண்டு தரை ஓடுகளை மாற்றியது. அந்த ஓடுகளுக்குப் புதிதாக அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு ஓடு போட்ட காலத்தில் மிஞ்சிய ஏழெட்டு ஓடுகளை அக்கா கட்டிலுக்கடியில் பத்திரமாக வைத்திருந்தார். எல்லாம் சேர்த்து 420 வெள்ளி.

சமையலறை அலமாரிகளின் உள்கூடு நன்றாகவே இருந்தது. கதவுகள்தான் தொங்கின. கீல்களையும் கைப்பிடிகளையும் மாற்றி, கதவுகளுக்கு மட்டும் புது மேலுறை ஒட்டி, சொட்டிய குழாயையும் மாற்றினோம். 720 வெள்ளி. விலைப்பட்டியலில் இதே சமையலறைக்கு 14,000 வெள்ளி கேட்டிருந்தார்கள்.

விளக்குகள். பழைய குழல்விளக்குகளில் இரண்டு மினுமினுத்தன. ஒன்று எரியவே இல்லை. உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்து ஒன்பது இடங்களில் எல்இடி விளக்குகள் போட்டோம். வீடு முழுவதும் ஒரே நிற ஒளி. ஓர் அறை நீலமாகவும் இன்னோர் அறை மஞ்சளாகவும் இருந்தால் வீடு துண்டு துண்டாகத் தெரியும். 380 வெள்ளி.

கதவு, கேட்டு, சன்னல். வாசல் கேட்டின் பூட்டு இறுகியிருந்தது. சாவியைத் திருப்ப அத்தானுக்கு மட்டும்தான் தெரியும். படுக்கையறைக் கதவு தரையில் உரசியது. வெளிப்பக்கம் திறக்கும் சன்னல்களில் அலுமினிய ரிவெட் இருந்தால் அவற்றை எஃகு ரிவெட்டாக மாற்ற வேண்டும் என்பது 2004ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். சன்னல் வேலைக்கு அங்கீகாரம் பெற்றவரைத்தான் அழைக்க வேண்டும். மொத்தம் 260 வெள்ளி.

கடைசியாக, குளிர்சாதனப் பெட்டிகளைக் கழுவியதும் வீட்டை ஆள் வைத்துத் தேய்த்துத் துடைத்ததும்: 340 வெள்ளி.

கூட்டிப் பாருங்கள். 3,570 வெள்ளி.

காசே இல்லாமல் செய்ததுதான் பெரிய மாற்றம். மகன் படித்த காலத்து மேசை, உடைந்த அலமாரி, யாரும் உட்காராத சோஃபா ஆகியவற்றை அப்புறப்படுத்தினோம். பெரிய பொருள்களை எடுத்துச் செல்லும் சேவை நகர மன்றங்களில் உண்டு. மாதத்துக்கு எத்தனை பொருள் இலவசம் என்பதை உங்கள் நகர மன்றத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வெளியே இருந்த செருப்பு அலமாரியையும் பூந்தொட்டிகளையும் ஒதுக்கினோம். தீயணைப்பு விதிப்படி தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விடத்தான் வேண்டும்; விற்காவிட்டாலும் இது பொருந்தும். சோஃபா போன பிறகு வரவேற்பறையைப் பார்த்து அத்தான், "இவ்வளவு இடம் இருந்துச்சா இங்க?" என்றார்.

செய்யாமல் விட்டவை

இல்ல மேம்பாட்டுத் திட்டம் அவர்கள் புளோக்குக்கு முன்பே வந்து போயிருந்தது. குளியலறைகளை அப்போதே மாற்றியிருந்தார்கள். உங்கள் புளோக்குக்கு இன்னும் வரவில்லை என்றால், சொந்தச் செலவில் குளியலறையை உடைப்பதற்கு முன் விசாரியுங்கள். 1997ஆம் ஆண்டு வரை கட்டப்பட்ட புளோக்குகள் இத்திட்டத்துக்குத் தகுதி பெறுகின்றன. சிமெண்டுப் பெயர்ப்பு, கழிவுக் குழாய் போன்ற அவசியப் பணிகளுக்குக் குடிமக்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. குளியலறை, வாசல் கதவு போன்ற விருப்பப் பணிகளுக்கு வீட்டின் வகையைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடு வரை கட்டினால் போதும்.

அறைச் சுவரை இடிக்கும் யோசனை ஒன்றும் விலைப்பட்டியலில் இருந்தது. இரண்டு சிறிய படுக்கையறைகளை ஒன்றாக்கினால் 'விசாலமாக' இருக்குமாம். விசாலமாக இருக்கும், சரி. ஆனால் நாலறை வீடு தேடி வருபவர் மூன்று படுக்கையறைகளை எண்ணிக்கொண்டு வருகிறார். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கும், பெற்றோரை உடன் வைத்திருக்கும் குடும்பத்துக்கும் அறை எண்ணிக்கைதான் கணக்கு. காசு கொடுத்து ஓர் அறையைக் குறைத்துக்கொள்வது எந்த வகைக் கெட்டிக்காரத்தனம்?

எதை இடித்தாலும் வீவக அனுமதி வேண்டும். வீவக பட்டியலில் உள்ள காண்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும். கட்டடத்தைத் தாங்கும் சுவர்களைத் தொடவே கூடாது. விற்பனையின்போது கழகத்தின் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். அனுமதியில்லாத வேலை இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் விற்பனை நகரும். இருபது ஆண்டுக்கு முன் செய்த வேலையாக இருந்தாலும் நீங்கள்தான் பொறுப்பு. ஆகவே வீட்டை விளம்பரப்படுத்துவதற்கு முன்பே பழைய அனுமதிக் கடிதங்களைத் தேடி எடுத்துவிடுங்கள்.

சாமியறை விஷயத்தில் மட்டும் ஒரு சின்ன உரசல் வந்தது. ஆள்கள் பார்க்க வரும் நாள்களில் அதை மூடி வைக்கலாமே என்று முகவர் மெதுவாகச் சொன்னார். அக்கா முகம் மாறியது. "இத்தனை வருஷம் விளக்கேத்தின இடம். வித்து முடிச்சு, நாள் பார்த்துதான் எடுப்பேன்," என்றார். நானும் முகவரிடம் அதையே சொன்னேன். புகைக்கறை போய், பித்தளை விளக்கு துலக்கிய பிறகு அந்த மூலைதான் வீட்டிலேயே அழகான இடமாக இருந்தது. எல்லாவற்றையும் வாங்குபவர் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. நாம் இன்னும் அங்கேதான் வாழ்கிறோம்.

கால் மணி நேரச் சோதனை

ஆறு குடும்பங்கள் வந்து பார்த்தார்கள். சனி, ஞாயிறு காலையில் மட்டும் நேரம் கொடுத்தோம். அப்போதுதான் வரவேற்பறைக்கு வெளிச்சம் வரும். அந்த நாள்களில் மீன் பொரிக்கக் கூடாது என்று அக்காவே தமக்கு உத்தரவு போட்டுக்கொண்டார். கோப்பில் கசிவு சரிசெய்த ரசீது, குளிர்சாதனப் பெட்டிக் கழுவிய ரசீது, புதுப்பிப்பு அனுமதிக் கடிதம் எல்லாம் வரிசையாக இருந்தன. கேட்டவர்களுக்கு அத்தான் எடுத்துக் காட்டினார். "இந்த வீட்டுக்காரர் வீட்டைக் கவனிச்சிருக்கார்" என்ற நம்பிக்கையை அந்தக் கோப்பு தந்தது.

ஐந்தாவதாக வந்த இளம் தம்பதி வாங்கினார்கள். மணமாகி ஓராண்டு. 478,000 வெள்ளிக்குப் பேசி முடிந்தது. மதிப்பீடும் அதே 478,000 வெள்ளி என்று வந்தது. மதிப்பீட்டுக்கு மேல் ரொக்கம் ஒரு வெள்ளிகூட இல்லை. 38,000 வெள்ளி செலவழித்திருந்தால் கூடுதலாக எதுவும் கிடைத்திருக்காது என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் அடுத்து நடந்ததைக் கேளுங்கள்.

சாவி மாறுவதற்கு இரண்டு வாரம் முன்பு அந்தத் தம்பதி அளவெடுக்க வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அந்தப் பெண் சமையலறையில் நின்று, தயங்கித் தயங்கி அக்காவிடம் சொன்னாள்: "ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. கிச்சன் முழுசும் எடுத்துட்டு எங்களுக்குப் பிடிச்ச மாதிரி போடப் போறோம். ஹாலுக்கும் வேற தரை."

அக்கா, "அதுக்கென்னம்மா, உங்க வீடு," என்றார். அத்தான் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னும் விற்காதவர்களுக்கு

இப்போதுதான் பிடிஓ வீட்டுச் சாவி வாங்கிய இளையர்கள், 'எப்படியும் ஐந்தாண்டு கழித்து விற்றுவிடுவோம், அப்போது காசு திரும்பிவிடும்' என்ற எண்ணத்தில் பெரும் செலவு செய்வதைப் பார்க்கிறேன். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் ஐந்தாண்டு என்பது உண்மை. செலவு திரும்பும் என்பது நிச்சயமில்லை. வங்கிகள் புதுப்பிப்புக் கடன் பொதுவாக 30,000 வெள்ளி வரை, அல்லது மாதச் சம்பளத்தின் ஆறு மடங்கு, இரண்டில் எது குறைவோ அதைத் தருகின்றன. தருகிறார்கள் என்பதற்காக முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை.

உங்கள் வசதிக்காகச் செய்யுங்கள். அதில் தவறே இல்லை. அந்த ஐந்து, பத்து ஆண்டு நீங்கள் அனுபவிப்பதுதான் அந்தச் செலவின் பலன். ஆனால் சுவரோடு பதித்த அலமாரியைவிடத் தூக்கிச் செல்லக்கூடிய அலமாரி நல்லது. புதிய வீட்டில் முதல் மூன்றாண்டு குளியலறைச் சுவர், தரை ஓடுகளை உடைக்க அனுமதியில்லை என்பதை மறக்காதீர்கள். மிஞ்சிய ஓடுகளையும், வண்ண எண் எழுதிய டப்பா மூடியையும், அனுமதிக் கடிதங்களையும், ரசீதுகளையும் ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள். அக்காவின் கட்டிலடி ஓடுகள் போல், ஒருநாள் அவை கைகொடுக்கும்.

அத்தானும் அக்காவும் இப்போது செங்காங்கில். கையில் தப்பிய பணத்தில் ஒரு சிறு பகுதியை அங்கே செலவழித்தார்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்கான ஈஸ் திட்டத்தின்கீழ் கழக உதவியோடு குளியலறையில் கைப்பிடிகள், வழுக்காத தரை. சாமியறையை, மகள் நாள் பார்த்துக் கொடுத்த வெள்ளிக்கிழமையில் அமைத்தார்கள். இம்முறை விளக்குக்கு மேல் கூரை கறுக்காமலிருக்க அத்தான் ஒரு சிறிய பித்தளைத் தட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்.

"அடுத்தவனுக்கு விக்கறதுக்கா அத்தான்?" என்று கேட்டேன்.

"இல்லடா. இது நாங்க இருக்கறதுக்கு," என்றார்.